பழைய கைப்பம்பு டெஸ்டரில் டைவ் வாட்ச்: எத்தனை பார் ஏத்தலாம்?

கீழக்கரை வாட்ச் கடை:
வாட்சுல தண்ணி கசியுமான்னு பார்க்கிற டெஸ்டர், பழைய பெர்ஜியோன் 5555, 6 பார் (காத்தழுத்த அளவு) மாடல் கைக்கு வந்திருக்கு. சங்கு குளிக்கிறவங்க வாட்சுக்கு எப்படிப் பயன்படுத்துறது?

பாம்பன்:
அண்ணே, முதல்ல டெஸ்டரோட அக்ரிலிக் சிலிண்டரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா பம்பைத் தொடவே வேணாம். தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைச்ச அக்ரிலிக் இப்படித்தான் ஆகும்.

பாதி தண்ணி ஊத்துங்க. வாட்சைத் தண்ணிக்கு மேலயே தொங்கவிட்டு 3 பார் ஏத்தி 5 நிமிஷம் விடுங்க. ஓட்டை இருந்தா காத்து உள்ள போயிரும். பிறகு தண்ணிக்குள்ள இறக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்லத் திறந்து விடணும். ஒரே இடத்துலருந்து சரம் சரமா குமிழி வந்தா அங்கதான் கசிவு. உடனே வாட்சை மேல தூக்கிட்டு மிச்ச அழுத்தத்தை விடுங்க. தாமதிச்சா அதே ஓட்டை வழியா தண்ணி ஏறிரும்.

தொண்டி:
பெசல் (கண்ணாடியைச் சுத்தி இருக்கிற வளையம்) அடியில சிக்கின காத்தும் குமிழி விடும், ஆனா ரெண்டு மூணோட நின்னுரும். பட்டையைக் கழட்டிட்டுச் சோதிங்க. திருகியில (நேரம் திருத்துற குமிழ்ல) உப்பு கட்டியிருந்தா கசிவை மறைச்சிரும், நல்ல தண்ணியில அலசிட்டு ஏத்துங்க. நம்ம போர் தண்ணி வேண்டாம், பேட்டரிக்கு ஊத்துற தண்ணி போதும்.

கீழக்கரை வாட்ச் கடை:
200 மீட்டர் வாட்சுக்கு?

தொண்டி:
அதுக்கு 20 பார் வேணும். இது கசிவைத்தான் காட்டும், ஆழத்துக்குச் சான்று தராது.