பேச்சிப்பாறை அணை பற்றித் தேடினால் ஒரே கட்டுரைதான் திரும்பத் திரும்ப வருகிறது

குலசேகரத்துக்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பேச்சிப்பாறை அணை வந்த பிறகு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெல் விவசாயம் எப்படி மாறியது என்பதுதான் என் ப்ராஜெக்ட். கூகுளில் போட்டால் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது, திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம், இன்ஜினியர் மிஞ்சின், இதே நாலு வரி, காற்புள்ளி கூட மாறாமல் எல்லாத் தளத்திலும் கிடக்கிறது. மேலே வருகிற ஏஐ பதிலும் அதையேதான் சொல்கிறது. நாலைந்து பக்கம் தள்ளிப் போனால் டூர் பேக்கேஜ் விளம்பரம். "இத்தனை பேர் எழுதிட்டா அது ஆதாரமாயிடுமா" என்று கைடு மேடம் கேட்கிறார்கள். இணையத்தில் இருப்பதே இவ்வளவுதானா, இல்லை எனக்குத் தேடத் தெரியவில்லையா?

கல்குளத்தான்:
தம்பி, இணையத்தில் இருப்பது வேறு, கூகுள் காட்டுவது வேறு. நீ தேடும் அந்த நிமிஷத்தில் அது இணையம் முழுக்க ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. அதனுடைய நிரல்கள் முன்னாடியே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பைப் பிடித்துக்கொண்டே போய், கண்டதை எல்லாம் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் இருக்குமே சொல்லடைவு, அதுபோல ஒன்றைத் தயாராக வைத்திருக்கும். நீ தேடுவது அந்த அடைவுக்குள்தான். யாரும் இணைப்புக் கொடுக்காத பக்கம், தளத்துக்காரரே வராதே என்று தடுத்து வைத்த பக்கம், பெட்டியில் பெயர் அடித்தால் மட்டும் திறக்கிற நூலகப் பட்டியல், இதெல்லாம் பெரும்பாலும் அதில் ஏறவே ஏறாது.

அடுத்தது வரிசை. 1998இல் கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சொன்ன யோசனை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவர் எப்பேர்ப்பட்டவர் என்று பார்த்து மதிப்புப் போடுவது. இப்போது அதோடு இன்னும் என்னென்னவோ சேர்ந்துவிட்டது, ஆனாலும் பத்துப் பேர் போகிற இடம் மேலே நிற்கும் என்கிற குணம் மாறவில்லை. டூர்காரன் மேலே வருவான், அணைக்கட்டு அறிக்கை கீழே கிடக்கும். அந்த நாலு வரியை ஒருத்தர் எழுத, மற்றவர்கள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அதனால் உன் மேடம் கேட்டது சரிதான், ஐம்பது தளம் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். அதில் ஒரு முழு வாக்கியத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு, அப்படியே வைத்திருக்கிற தளமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். யார் முதலில் எழுதினார், எங்கிருந்து எடுத்தார் என்று பின்னாலேயே போ.

தோவாளை செல்வி:
நீங்கள் தேடுகிற சொல்லையும் மாற்ற வேண்டும் தம்பி. நம் ஊர் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, ஆக அணை கட்டிய காலத்துக் காகிதத்தில் "கன்னியாகுமரி மாவட்டம்" என்ற பேச்சே இருக்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா பெயரைப் போடுங்கள். அணை நிற்கிற கோதையாற்றை ஆங்கிலத்தில் கே-ஓ-டி-ஏ-ஒய்-ஏ-ஆர் என்று எழுதியிருப்பார்கள், தமிழ் உச்சரிப்புப்படி எழுத்துக்கூட்டித் தேடினால் சிக்காது. மிஞ்சினை ஊர்ப் பெரியவர்கள் மூக்கன் துரை என்பார்கள் இல்லையா, அந்தப் பெயரைப் போட்டால் வேறொரு கூட்டம் பக்கங்கள் வரும். மலையாளத்திலும் அடித்துப் பாருங்கள், எழுத்து தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பியில் போட்டு நகலெடுத்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு இருக்கும். கொல்லம் ஆண்டு சிங்கம் மாதம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், உங்கள் 1906 அங்கே 1081ஆகவும் இருக்கலாம், 1082ஆகவும் இருக்கலாம். 1906 என்று மட்டும் தேடினால் இவை கண்ணிலேயே படாது.

கல்குளத்தான்:
அக்கா சொன்ன கொல்லம் ஆண்டு விஷயம் அருமை. இதையும் சேர்த்துக்கொள்: கூகுளை வைத்துப் பொருளைத் தேடாதே, பொருள் இருக்கிற கிடங்கைத் தேடு. நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் (சமஸ்தானத்தைப் பற்றிய விவரத் தொகுப்பு), 1906, மூன்று தொகுதி, ஆர்கைவ் டாட் ஆர்க் என்ற மின்னூல் கிடங்கில் இருக்கிறது. அங்கேயே உள்ளடக்கத்தில் தேடு என்று ஒரு வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தலைப்பையும் விவரக் குறிப்பையும் மட்டும்தான் துழாவும். அதே பெயரில் வேலுப்பிள்ளை எழுதியது 1940, அதையும் பார். சமஸ்தானத்தின் வருடாந்திர நிர்வாக அறிக்கைகளில் நீர்ப்பாசனத்துக்குத் தனிப் பகுதியே உண்டு, உன் ப்ராஜெக்டுக்கு உயிர்நாடி அதுதான்.

மட்டிப்பழம்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு மக்கா. நான் ஏஐயிடம் கேட்டேன், புத்தகத்தின் பெயர், பக்க எண் எல்லாம் அரை நிமிஷத்தில் தந்துவிட்டதே.

தோவாளை செல்வி:
அண்ணாச்சி, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா? இல்லாத புத்தகத்துக்கும் பக்க எண் சொல்லக்கூடியது அது. எங்கே தேடலாம் என்று யோசனை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி. தாலுகா பெயரோடு தேடியதுமே டூர் விளம்பரம் பாதி ஒழிந்தது. இன்னொரு சந்தேகம். பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் தமிழில் ஒரு பழைய ஆய்வேடு இறக்கினேன். கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது, உள்ளே "பாசனம்" என்று தேடினால் ஒன்றுமில்லை என்கிறது. ஆனால் அந்தச் சொல் முதல் பக்கத்திலேயே இருக்கிறது!

கல்குளத்தான்:
ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொத்துப் பரோட்டா போல வந்தால், அது யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில், பாமினி, வானவில் மாதிரி ஒன்றில் அடித்தது. கணினிக்கு அது தமிழே இல்லை, அதனால் தேடுபொறிக்கும் இல்லை. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, எந்த எழுத்துரு என்று பிடிஎஃப்பின் ப்ராப்பர்டீஸில் பார்த்துவிட்டு மாற்று. நகலெடுக்கவே வரவில்லை என்றால் அது வெறும் படம், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போட வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திற, தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும், ஆனால் ண, ன குழப்பம் வரும், எண்களைக் கட்டாயம் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள். ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் துணைநூற் பட்டியலை முதலில் மாற்று தம்பி, உனக்கு இப்போது வேண்டியது அதுதான்.