புதுப்பிப்பு: ஆக்டிவ் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ இரைச்சல் நின்றது

பேசிவ் (தனி ஆம்ப் வேண்டிய) ஸ்பீக்கர் ஜோடிக்குப் பதில் ஆக்டிவ் (ஆம்ப், அதாவது ஒலிபெருக்கும் சர்க்யூட், உள்ளேயே இருக்கும்) ஜோடி வைத்ததும் ‘ம்ம்’ என்று இரைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் எர்த் லூப்தான், அதாவது எர்த் இணைப்புகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. கணினிக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக், ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று பின். எர்த் கரண்ட், இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிளின் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) வழியே ஓடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியதும் ஓரளவு குறைந்தது. மீதிக்கு, கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைத்தெருவில் இரட்டைக் கம்பி ஷீல்டு கேபிள் வாங்கிச் சால்டர் செய்தேன்: ஆர்சிஏ நடுமுனை ஸ்பீக்கரில் செருகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் ஆடியோ) பிளக்கின் 2ஆம் பின்னுக்கு, வெளிவளையம் 3க்கு, ஷீல்டு ஸ்பீக்கர் பக்கம் மட்டும் 1க்கு. ஆர்சிஏ பக்கம் ஷீல்டை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள்.

பிளக்கில் எர்த்தைக் கழற்றச் சொன்னவர்களே, பெட்டிக்குள் 240 வோல்ட் இருக்கிறது, வேண்டாம்!

ட்வீட்டரில் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) காதை வைத்தால் கேட்கும் ‘ஸ்ஸ்’ மட்டும் அப்படியே இருக்கிறது. அது உள் ஆம்பின் சத்தம். கேபிள் மாற்றினால் போகாது.