வியாழக்கிழமை எல்லோரும் வாருங்கள்

(புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு)

வனிதா: எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குப் பகல் ட்யூட்டி. நம் வீட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் அன்றைக்கு வந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பைசா செலவில்லை. சர்க்கரையும் பிரஷரும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ராஜாத்தி: ஏன் கண்ணு, ஆம்பளைகள் இருக்கிற குரூப்பிலா இதைப் போடுவது? பெண்கள் குரூப்பில் போடேன்.

வனிதா: தெரிந்துதான் இங்கே போட்டேன் அத்தை. அந்தக் குரூப்பில் போட்டபோது எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினீர்கள். ஒருவரும் வரவில்லை. கேட்டால் சமையல், மாடு, ஸ்கூல் பஸ். பரிசோதனை இலவசம், 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸும் நமக்கு இலவசம். ஆனால் வீட்டை விட்டு வர அரை நாளை எந்தத் திட்டத்திலும் தர முடியாது. அதை வீட்டு ஆண்கள்தான் தர வேண்டும். அவர்களும் படிக்கட்டும்.

குமார்: நியாயம். அன்றைக்கு மாட்டையும் அடுப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன். செல்வி வருவாள்.

செல்வி: எனக்குத்தான் கர்ப்பப்பை எடுத்தாயிற்றே வனிதா. நான் எதற்கு?

வனிதா: கர்ப்பப்பையின் வாயையும் சேர்த்து எடுத்தார்களா, கட்டிக்காக எடுத்தார்களா, வேறு காரணமா என்று பார்க்க வேண்டும் சித்தி. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாருங்கள். எப்படியிருந்தாலும் மார்பகப் பரிசோதனை உண்டு.

சாந்தி: வெளிப்படையாகவே கேட்கிறேன். எனக்கு வெள்ளைப்படுதல், வலி எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறவள் ஏன் போய்ப் படுக்க வேண்டும்? வலிக்குமா? யார் பார்ப்பார்கள்?

வனிதா: நன்றாக இருக்கும்போது பார்ப்பதற்காகவே வைத்திருக்கிற பரிசோதனை அண்ணி. எச்பிவி என்ற வைரஸால் வருகிற நோய் இது. அந்தத் தொற்று பெரும்பாலான பெண்களுக்கு வந்து தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினாலும் புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் பிடிக்கும். அந்த வருடங்களில் வெளியே ஒன்றுமே தெரியாது. ரத்தம் பட்டு, வாடை வந்து, இடுப்பு வலித்து வருகிறவர்களில் பலருக்கு நோய் முற்றியிருக்கும். நம் நாட்டில் ஒரு வருடத்தில் 1,20,000 பெண்களுக்கு மேல் இந்த நோய் வருகிறது.

வனிதா: திரை போட்ட அறை. நர்ஸ் பெண்தான். படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே பார்ப்பதற்காக வழியை விரித்துப் பிடிக்கிற ஸ்பெகுலம் என்ற கருவியை வைக்கும்போது ஒரு அழுத்தம் இருக்கும், மூச்சை மெதுவாக விட்டால் இறுக்கம் குறையும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகரில் இருப்பதுதான், பஞ்சில் நனைத்து கர்ப்பப்பை வாயில் ஒற்றுவோம். லேசாகக் காந்தலாம். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். முடிவை அங்கேயே சொல்லிவிடுவோம்.

சாந்தி: வெள்ளையாக வந்துவிட்டால்?

வனிதா: வெள்ளையாக வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை செய்வார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால் அந்த இடத்தை உறையவைத்தோ சூடுவைத்தோ அழித்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மாதவிடாய் நாளாக இருந்தால் மட்டும் வியாழக்கிழமையைத் தள்ளிப்போடுங்கள்.

குமார்: நம் சின்னவளுக்கு 12 வயது. தடுப்பூசி இருக்கிறதாமே?

வனிதா: ஆமாம் சித்தப்பா, 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் நல்லது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பாப்பாவை ஒருநாள் அழைத்து வாருங்கள், டாக்டரிடம் கேட்கலாம். ஊசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை உண்டு.

யாழினி: அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டைக்காரர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு நாம் வெட்கப்படலாமா?

ராஜாத்தி: வனிதா, ஒன்று கேட்கிறேன். தீட்டு நின்று ஆறு வருடம் ஆனவளுக்கு லேசாகப் பட்டால் அது சூடுதானே? வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் போதுமா?

வனிதா: யாருக்கு அத்தை?

ராஜாத்தி: தெரிந்த ஒருத்திக்கு.

ராஜாத்தி: எனக்குத்தான். பொங்கலுக்குப் பிறகு மூன்று தடவை. பொட்டுப் பொட்டாகத்தான்.

யாழினி: அம்மா! தினமும் போனில் பேசுகிறோமே, ஏன் சொல்லவில்லை?

ராஜாத்தி: நீ சென்னையில் இருந்துகொண்டு என்ன செய்வாய்? பயந்துவிடுவாய் என்றுதான்.

வனிதா: அத்தை, நீங்கள் வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சூடு என்று விடக் கூடாது. பலருக்குச் சவ்வு வறண்டு மெலிந்ததால் வரும், மருந்திலேயே சரியாகும். ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவரில் வருகிற புற்றுநோய்க்கும் இதுதான் முதல் அறிகுறி. பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. உங்களுக்கு இந்த வினிகர் பரிசோதனை போதாது, ஸ்கேன் வேண்டும். நாளைக்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மகப்பேறு ஓபிக்குப் போங்கள்.

பெரியசாமி: என்னிடமும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் நானே கூட்டிப் போகிறேன். ஓபி சீட்டு வரிசையில் நான் நின்றுகொள்கிறேன்.

சாந்தி: நானும் வருகிறேன் மாமா. உள்ளே அத்தையோடு ஒரு பெண் இருந்தால் நல்லது.

வனிதா: ஆதார், காப்பீட்டுத் திட்ட அட்டை, சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் பட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு உதவும்.

ராஜாத்தி: சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

வனிதா: சாப்பிட்டுவிட்டே போங்கள் அத்தை. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்குச் சிறுநீர் நிறைந்திருக்கச் சொல்வார்கள்.

குமார்: அக்கா, காலையில் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். கோழிகளைப் பற்றிக் கவலைப்படாதே, வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிடு.

சாந்தி: வனிதா, வியாழக்கிழமைக்கு என் பெயரையும் சித்தி பெயரையும் எழுதிக்கொள். எதிர்வீட்டு அக்காவையும் கேட்டுச் சொல்கிறேன்.