மறு: பிரெப், பெப் – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் மருந்துமுறைகளான பிரெப் (PrEP), பெப் (PEP) இரண்டுக்கும் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நண்பர் ஒருவர் எழுதியது:

> "வருமுன் காப்பு" என்றே வைத்துவிடலாமே? குறளும் இருக்கிறது, அரசுத் திட்டத்தின் பெயரும் இருக்கிறது.

நல்ல சொல்தான். ஆனால் எனக்கு வந்த சிக்கலைக் கேளுங்கள். எச்.ஐ.வி. பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கும்பகோணத்தில், நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப சொன்னது பெரெப்பா, பெப்பா?"

நம் வாயில் 'பிரெப்' முழுசாக வருவதில்லை. போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விஷயம் அப்படி இல்லையே. பிரெப், தொற்று இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டவர், கிருமி படக்கூடிய சூழலுக்கு முன்பே எடுக்கத் தொடங்குவது. பெப், பட்ட பிறகு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுப்பது. மாற்றிக் கேட்டுக்கொண்டவருக்கு அந்த மூன்று நாள் வீணாகப் போய்விடும்.

'வருமுன் காப்பு' இங்கேதான் உதைக்கிறது. வருவது எது? நோய் என்றால் பெப்பும் வருமுன் காப்பதுதானே. ஆங்கிலப் பெயர்களில் உள்ள 'முன்' (pre), 'பின்' (post) இரண்டும் நோயைக் குறிப்பதில்லை, கிருமி படுவதைக் குறிக்கின்றன. பிரெப்பின் ஆங்கில விரிவை (pre-exposure prophylaxis) அப்படியே பெயர்த்த 'வெளிப்பாட்டிற்கு முந்தைய தடுப்பு' என்ற சொல்லாக்கத்தையும் வாசித்துப் பார்த்தேன். 'நோய் வெளியில் தெரியுறதுக்கு முன்னாடி' என்று அக்கா புரிந்துகொண்டார். அவர் மேல் தப்பில்லை.

'தடுப்பு' என்ற சொல்லும் வேண்டாம் என்பேன். மாத்திரையாக இருந்தவரை பரவாயில்லை. 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. இப்போது லெனகாபவிர் ஊசி வந்துவிட்டது, ஆண்டுக்கு இரண்டே முறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. 2024-இல் முடிவு வந்தது, 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஐதராபாத் நிறுவனங்கள் இரண்டு 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் விலையில் பல நாடுகளுக்குத் தரப்போவதாகவும் அறிவிப்பு வந்திருக்கிறது.

தொற்றைத் தடுக்கும் ஊசி என்றால் தமிழில் தடுப்பூசி! ஆனால் இது தடுப்பூசி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்கிவிட்டுப் போகிற வேலையை இது செய்யாது. மருந்து உடம்பில் இருக்கும் வரைதான் காவல். தடுப்பூசி என்று அச்சடித்தால், போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று ஆறு மாதம் கழித்து யாரும் வரமாட்டார்கள்.

என் முன்மொழிவு: முன்காப்பு, பின்காப்பு. முன்காப்பு மாத்திரை, முன்காப்பு ஊசி.

– குடந்தையிலிருந்து

* * *

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு குறிப்புகள்.

ஒன்று, விளக்கும்போது விதைநேர்த்தியைச் சொல்லலாம். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பயிர்நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கலந்து, அப்புறம்தான் நாற்றங்காலில் விடுகிறோம். நோய் கண்ட பிறகு மருந்தடிப்பது வேறு. டெல்டாவில் இதைப் புரிய வைக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

இரண்டு, சொற்புணர்ச்சி. முற்பகல், பிற்பகல் போல முற்காப்பு, பிற்காப்பு என்பதுதானே முறை?

– மன்னார்குடியிலிருந்து

* * *

ஐயா, விதைநேர்த்தி முதலில் எனக்கும் இனித்தது. ஆனால் அது ஒரே தடவையில் முடிகிற வேலை. தடுப்பூசிக்கு வேண்டுமானால் பொருந்தும். அதை விட, 'காப்பு' என்ற சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டினால், கையில் மஞ்சள் கயிறு இருக்கும் வரைதான் அந்தக் கட்டு. அவிழ்த்தால் போயிற்று. மாத்திரையை நிறுத்தினால் பாதுகாப்பும் நின்றுவிடும் என்பதை இப்படிச் சொன்னதும் அக்கா உடனே தலையாட்டினார். கோயில் வாடை அடிக்குமோ என்று யோசித்தேன். பாதுகாப்பு, காப்பீடு எல்லாம் எல்லோரும் புழங்குகிற சொற்கள்தானே, நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் இடறாது.

சொற்புணர்ச்சியில் நீங்கள் சொல்வது சரி. முன்பணம், முன்பதிவு என்று திரியாமலும் வழங்குகிறோம், அதனால் இரண்டுக்கும் இடம் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று நேற்று அக்காவுக்குப் போன் போட்டு நான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முன்காப்பு, பின்காப்பு தெளிவாகக் கேட்டன. முற்காப்பு 'முக்காப்பு' ஆயிற்று. பிற்காப்பு என்றதும், "பிக்கப்பா? எங்க வந்து ஏத்திக்கிறீங்க?" என்றார்.

– குடந்தையிலிருந்து