கேதார்காந்தா, ஜனவரி: உச்சி ஏறும் நாளுக்கு என்னென்ன தயார் பண்ணணும்?

தாம்பரத்தான்
வணக்கம். ஜனவரி மூணாவது வாரம் நானும் மச்சானும் உத்தராகண்ட்ல கேதார்காந்தா ஏறப் போறோம். டேராடூன் வரைக்கும் விமானம், அங்கிருந்து வண்டியில மலையடிவாரத்துல இருக்கிற சாங்க்ரி. ரெண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறுறவங்க, ஏத்தத்துக்குப் பயமில்லை. ஆனா பனியில நடந்ததே கிடையாது. ஏற்பாட்டாளர் அனுப்பின பட்டியல்ல "கதகதப்பான உடை, நல்ல ஷூ"ன்னு மட்டும் இருக்கு. உச்சி ஏறுற ராத்திரி எத்தனை அடுக்கு போடணும்? கிராம்பான் (ஷூவுக்கு அடியில மாட்டுற பெரிய இரும்புப் பல்) வாங்கணுமா? உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை தேவையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பளிப்பூச்சி
வெள்ளியங்கிரி ஏறின கால் தாராளமாப் போதும். இங்கே ஆளைக் கவுக்கிறது வியர்வை. கிளம்பற நேரத்துல மைனஸ் 10-ஐ ஒட்டி இருக்கும், காத்து அடிச்சா இன்னும் மோசம். அதுக்குப் பயந்து இருக்கிறதையெல்லாம் மாட்டிக்கிட்டு ஏற ஆரம்பிப்பாங்க. அரை மணி நேரத்துல உள்ளே நனைஞ்சிடும். மேலே போய் நின்னதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துடும். கூடாரத்துக்கு வெளியே வந்து நிக்கும்போது லேசாக் குளிரணும். குளிரலைன்னா ஒரு அடுக்கு அதிகம்.

உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளி தெர்மல், அதுக்கு மேலே ஃப்ளீஸ், அதுக்கும் மேலே காத்துப் புகாத ஜாக்கெட். டவுன் ஜாக்கெட் (இறகு அடைச்சது) நடக்கிறதுக்கில்லை. பையில மேலாக வெச்சிருந்து, நின்ன உடனே போட்டுக்கணும், சூடு போன பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. பருத்தி எதுவும் வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியுது, ஜட்டியை மறந்துடறாங்க. வெளியே விலை உயர்ந்த தெர்மல், உள்ளே காட்டன், அப்புறம் இடுப்பு குளிருதேன்னு புலம்பல்.

கைக்கு மெல்லிசான உள்கையுறை ஒண்ணு, மேலே தண்ணி புகாத பெரிய கையுறை ஒண்ணு. ஜிப், கொக்கி வேலைக்குப் பெரியதை மட்டும் கழட்டினாப் போதும், வெறுங்கை வெளியே வராது.

பாதத்துல நடக்கிற தப்பு ஒண்ணு: குளிருதுன்னு ரெண்டு தடிமனான சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவுக்குள்ள திணிக்கிறது. ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரே கம்பளி சாக்ஸ், விரலை ஆட்டிப் பார்க்க இடம் இருக்கிற ஷூ, அவ்வளவுதான். தூங்கிறதுக்குன்னு ஒரு ஜோடி தனியா வெச்சுக்கங்க, அதைப் போட்டு நடக்கவே கூடாது. ராத்திரி ஷூவோட லேஸை நல்லாத் தளர்த்தி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டுக்குள்ள வைங்க. வெளியே விட்டா விடியக்காலையில மரக்கட்டை, கால் உள்ளே போகாது.

தண்ணி பாட்டிலைத் தலைகீழாக வைக்கணும். மேல் மட்டம்தான் முதல்ல உறையும், கவுத்து வெச்சா மூடி பக்கம் திறந்திருக்கும். ரப்பர் குழாய் வெச்ச தண்ணிப் பை கொண்டு போகாதீங்க, குழாய்ல இருக்கிற தண்ணிதான் முதல்ல கட்டியாகும். ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கட்டாயம்.

சரிவுக்காரன்
கிராம்பான் தேவையில்லை, மைக்ரோஸ்பைக் (ரப்பர் பட்டையில் சங்கிலியும் சிறு பற்களும் கோத்தது) போதும். வாங்கவும் வேண்டாம், சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும், கெய்ட்டரும் (ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலை மூடும் உறை) அப்படித்தான். எடுக்கும்போது கடையிலேயே உங்கள் ஷூவில் மாட்டிப் பாருங்கள். ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறதா, சங்கிலி வளையம் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வாடகைச் சாமான் அங்கேதான் தோற்கும். கையுறையோடு மாட்டக் கழட்ட முகாமிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப் முகாம் ஏறக்குறைய 2,770 மீட்டர், இரண்டாம் இரவு தங்கும் கேதார்காந்தா பேஸ் முகாம் சுமார் 3,430, உச்சி 3,810. ஆக, உச்சி நாளில் ஏற்றம் 400 மீட்டர்கூட இல்லை. எண் சிறியதுதான், ஆனால் மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டிய பிறகு காற்றுக்கு மறைவே கிடையாது, கடைசிப் பகுதி செங்குத்து.

ஏறும்போது முன்னால் போனவர் வைத்த தடத்திலேயே கால் வையுங்கள். தடம் இல்லாத இடத்தில் ஷூ நுனியால் இரண்டு உதை உதைத்துப் படி வெட்டிக்கொண்டு, எடையை மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வோர் அடியிலும் பின்கால் முட்டியை நேராகப் பூட்டி ஒரு நொடி நில்லுங்கள். எடை எலும்பில் இறங்கும், தொடைக்கு ஓய்வு கிடைக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள், குதிகாலில் எடை குறையும், கால் முன்னால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூக்கு கால் விரலுக்கு மேலே இருக்கும்படி முன்சாய்ந்து, குதிகாலைப் பனியில் குத்தி இறங்குங்கள். பனி ஈரமானால் ஸ்பைக்கின் அடியில் உருண்டையாக அப்பிக்கொள்ளும், அப்போது பல் தரையைத் தொடவே தொடாது. அவ்வப்போது கம்பால் ஷூ ஓரத்தைத் தட்டி உதிர்க்க வேண்டும்.

இறங்கும்போது பலர் உட்கார்ந்து சறுக்குவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். ஸ்பைக் காலில் இருக்கும்போது ஒருபோதும் சறுக்காதீர்கள். ஒரு பல் பனியில் மாட்டினால் கால் அங்கேயே நிற்கும், உடம்பு போகும், கணுக்கால் முறியும். கழட்டிவிட்டாலும், கீழே சமதளமாக முடிகிற, பாறையோ மரமோ குறுக்கே இல்லாத, மென்மையான பனியில் மட்டும்.

நேரம்: பல குழுக்கள் இரண்டரைக்கே கிளப்பிவிடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகும். ஆறுக்கே உச்சியில் நின்றால் ஒரு மணி நேரம் காற்றில் நடுங்குவதுதான் மிச்சம். மூன்றரை வாக்கில் கிளம்பினால் சரியாக இருக்கும். ரொம்பத் தாமதமும் ஆகாது: வெயில் ஏறியதும் மேல்பனி இளகி முட்டிவரை கால் புதையும், இறங்கவே சக்தி போய்விடும். திரும்பும் நேரத்தை முந்தின இரவே முடிவு செய்யுங்கள். ஒன்பதரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்றால், உச்சி ஐம்பது மீட்டரில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும்.

வழிகாட்டிப்பலகை
உயர நோய் (உயரத்துல ஆக்ஸிஜன் குறைவதால வர்றது) பத்திக் கொஞ்சம். வெள்ளியங்கிரி 2,000 மீட்டருக்குள்ளதான், அதனால அங்கே ஏறினதை வெச்சு உங்க உடம்பு உயரத்தைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. 3,000 மீட்டருக்கு மேலே தூங்கிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாதுங்கிறது வழக்கமான அறிவுரை. இந்தப் பாதையில ரெண்டாம் ராத்திரிக்கு 660 கூடுது. டயமாக்ஸ் டாக்டரைக் கேட்டு எடுக்கலாம். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலையும் ராத்திரியும், ஏற ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்லேர்ந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. விரல் நுனி சுறுசுறுங்கும், மூத்திரம் அதிகம் போகும். குளிர்ல வெளியே போகணுமேன்னு தண்ணி குடிக்கிறதைக் குறைக்கிறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

தலைவலியோட குமட்டல் வந்தா அதுக்கு மேலே ஏறாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலோட விரல் ஒட்டி நேர்கோட்டுல நடக்கச் சொன்னாத் தள்ளாடினாலோ, விடியட்டும்னு காத்திருக்காம இறக்கணும். நாக்குக் குழறி, ஜிப் போடக்கூடக் கை ஒத்துழைக்கலைன்னா குளிர் உள்ளே இறங்கிடுச்சுன்னு அர்த்தம். மச்சானை நீங்களும், உங்களை மச்சானும் கவனிச்சுக்கங்க. பாதிப்பு வந்தவனுக்கே அது தெரியாது.

தாம்பரத்தான்
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். போன், ஹெட்லேம்ப் பேட்டரி குளிர்ல நிக்குமா? அப்புறம் எங்க விமானம் டேராடூன்ல காலை 11 மணிக்கு இறங்குது, அன்னைக்கே சாங்க்ரி போயிடலாமா?

கம்பளிப்பூச்சி
போனை உள்சட்டைப் பையில வைங்க, ஏரோபிளேன் மோடுல. ராத்திரி போன், பவர் பேங்க், ஹெட்லேம்ப் மூணும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள. ஹெட்லேம்ப் AAA போடறதா இருந்தா சாதாரண ஆல்கலைன் வேண்டாம், லித்தியம் வாங்குங்க. பவர் பேங்கை விமானத்துல கைப்பையில வைக்கணும், ட்ரெக்கிங் கம்பு செக்-இன்ல போகட்டும். கறுப்புக் கண்ணாடியை மறந்துடாதீங்க. பனியில பட்டுத் தெறிக்கிற வெயில்ல ஒரு காலைப்பொழுது வெறுங்கண்ணோட நடந்தாலே கண் எரிச்சல்ல திறக்க முடியாமப் போகும்.

சரிவுக்காரன்
அன்றைக்கே வேண்டாம். டேராடூனிலிருந்து சாங்க்ரி 190 கிலோமீட்டருக்கு மேல், மலைச்சாலை, ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். பதினொன்றுக்கு இறங்கினால் கடைசி நான்கு மணி நேரம் இருட்டில், வழியில் வரும் மோரி என்ற ஊருக்கு மேல் சாலையில் ஐஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. இரவு டேராடூனில் தங்கி விடியற்காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். பணத்தை வழியில் வரும் புரோலா ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை நகல் இரண்டு வையுங்கள், வனத்துறை அனுமதிக்குத் தேவைப்படும். வளைவுகளில் வாந்தி வருகிறவராக இருந்தால் முன் சீட்டு கேட்டு வாங்குங்கள்.