மலிவு விலை எல்விஸ்: 'பர்னிங் லவ்' தொகுப்பு ஏமாற்று வேலையா, எதிர்பாராத புதையலா?

தட்டுப்பித்தன்

எல்விஸ் பிரெஸ்லியின் 'பர்னிங் லவ் அண்ட் ஹிட்ஸ் ஃப்ரம் ஹிஸ் மூவீஸ், வால்யூம் 2' என்ற எல்பியை (பல பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு) இந்த வாரம் மறுபடியும் போட்டுக் கேட்டேன். ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் தன் மலிவு விலை முத்திரையான கேம்டனில் 1972 நவம்பரில் வெளியிட்டது. இதைச் 'சுவையான தொகுப்பு' என்று புகழ்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: ராக் அண்ட் ரோல் வரலாற்றில் அட்டையிலேயே இவ்வளவு துணிச்சலாகப் பொய் சொன்ன தட்டு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

'பர்னிங் லவ்' எந்தப் படத்திலும் வந்த பாட்டு இல்லை. பின்பக்கத்தில் வரும் 'இட்ஸ் எ மேட்டர் ஆஃப் டைம்' அதே சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) மறுபக்கம். அதற்கும் சினிமாவுக்கும் தொடர்பில்லை. மீதி எட்டும் படப்பாடல்கள்தான், ஆனால் அவற்றில் ஒன்றுகூட அமெரிக்காவில் ஹிட் சிங்கிள் ஆனதில்லை. 1960க்கும் 1966க்கும் இடையில் ஒலிப்பதிவாகி, பழைய ஆல்பங்களின் மூலையில் கிடந்தவை. படமான பாட்டு ஹிட் ஆகவில்லை, ஹிட் ஆன பாட்டு படத்தில் வரவில்லை. தக்காளிக் கூடையில் மேல் வரிசை மட்டும் சிவப்பாக அடுக்கி விற்கும் வேலை இது.

மொத்தம் பத்துப் பாட்டு, 25 நிமிடத்துக்கும் குறைவு. 'சாந்தா லூசியா' ஒரு நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. பாராட்டுபவர்கள் யாராவது இருந்தால் காரணத்தோடு வாருங்கள்.

கருவட்டு

வந்துவிட்டேன் ஐயா. அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டை மட்டும் கேளுங்கள்.

'டெண்டர் ஃபீலிங்' எந்த மெட்டு? 'ஷெனண்டோவா' என்ற பழைய அமெரிக்க நாட்டுப்பாடல். 'டுநைட் இஸ் ஸோ ரைட் ஃபார் லவ்' ஓஃபென்பாக்கின் 'பார்க்கரோல்'. 'நோ மோர்' என்பது இரதியெர் இயற்றிய 'லா பலோமா'. 'ஐ லவ் ஒன்லி ஒன் கேர்ள்' பிரெஞ்சுக்காரர்கள் பல தலைமுறையாகப் பாடிவரும் 'ஓப்ரே த மா ப்லோந்து'. 'சாந்தா லூசியா' நேப்பிள்ஸ் நகரத்துப் படகுப்பாட்டு. 'குவாடலஹாரா' பெப்பே கிஸார் எழுதிய மெக்சிகோ மரியாச்சிப் பாட்டு, அதை எல்விஸ் ஸ்பானிய மொழியிலேயே பாடுகிறார்.

எட்டுப் படப்பாடல்களில் ஆறு இப்படி. கேம்டன் அலுவலகத்தில் யாரோ திட்டமிட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுவது என்ன? டுபெலோவில் பிறந்து மெம்ஃபிஸில் வளர்ந்த ஒருவன் நேப்பிள்ஸ், பாரிஸ், மெக்சிகோ என்று வரிசையாகப் பாடிக்கொண்டு போகிறான். அவருடைய வேறு எந்த எல்பியிலும் இந்த விந்தை இல்லை. அவருக்கு மரியோ லான்சா போன்ற ஓபராக் குரல்கள்மேல் இருந்த ஆசையை 'சர்ரெண்டர்', 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' ஆகியவற்றில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதே ஆசை இங்கே சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. அதற்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

தட்டுப்பித்தன்

உலகச் சுற்றுலாவும் இல்லை, ஓபரா ஆசையும் இல்லை. காப்புரிமை காலாவதியான மெட்டுக்கு இசையமைப்பாளர் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. புதிய சொற்களை எழுதி ஒட்டினால் முழுப் பாட்டும் பதிப்பகத்தின் சொத்து. எல்விஸின் பாடல் பதிப்புரிமைகளைக் கையாண்ட ஹில் அண்ட் ரேஞ்ச் நிறுவனம் அறுபதுகளில் படத்துக்குப் படம் செய்தது இதைத்தான். எல்விஸ் பாட வேண்டுமானால் எழுதியவர் தன் வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நல்ல பாடலாசிரியர்கள் விலகிப் போனார்கள்; மிச்சம் இருந்தவர்கள் ஓஃபென்பாக்கைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஓஃபென்பாக் விவகாரத்திலும் ஐரோப்பாவில் காப்புரிமைச் சிக்கல் எழுந்தது. 'ஜி.ஐ. ப்ளூஸ்' பட ஆல்பம் அங்கே வெளியானபோது அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, 'டுநைட்ஸ் ஆல் ரைட் ஃபார் லவ்' என்று பெயரை லேசாக மாற்றி, ஸ்ட்ராஸின் 'வியன்னா வனக் கதைகள்' மெட்டில் வேறொன்றை வைத்தார்கள். எந்த மெட்டாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. இதைத்தான் நீங்கள் விந்தை என்கிறீர்கள்.

கருவட்டு

பாட்டு எந்தக் காரணத்துக்காகப் பிறந்தது என்பது கணக்குப்பிள்ளையின் கேள்வி. எப்படிப் பாடப்பட்டது என்பதுதான் என் கேள்வி. 'டெண்டர் ஃபீலிங்'கை ஒரு முறை நிதானமாகக் கேளுங்கள். குரலை ஏற்றவே இல்லை. அருகில் இருப்பவரிடம் பேசுவது போல அடக்கிப் பாடுகிறார். 'கிஸ்ஸின் கசின்ஸ்' என்ற அசட்டுப் படத்துக்காகப் பதிவானது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

'குவாடலஹாரா'வில் மூச்சு கொஞ்சம் தடுமாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தடுமாற்றத்தோடு கேட்கத்தான் எனக்குப் பிடிக்கிறது.

மதுரம்

இருவரும் எட்டுப் பழைய பாட்டுகளைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். உண்மையான குற்றம் மற்ற இரண்டிலும் அல்லவா இருக்கிறது?

1972 மார்ச் 27, 28, 29. ஹாலிவுட்டில் ஆர்சிஏ ஸ்டுடியோ. மனைவி பிரிசில்லாவைப் பிரிந்து அதிக நாளாகவில்லை. அந்த மூன்று நாட்களில் ஏழு பாட்டுகள் பதிவாகின்றன: 'செப்பரேட் வேஸ்', 'ஃபார் த குட் டைம்ஸ்', 'வேர் டூ ஐ கோ ஃப்ரம் ஹியர்', 'பர்னிங் லவ்', 'ஃபூல்', 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்', 'இட்ஸ் எ மேட்டர் ஆஃப் டைம்'. எழுபதுகளில் அவர் பாடியவற்றில் மிக உண்மையானவை இவை. இன்னும் மூன்று பாட்டு சேர்த்திருந்தால் ஒரு முழு ஆல்பம், அதுவும் அவர் வாழ்க்கையையே பேசும் ஆல்பம்.

என்ன செய்தார்கள்? இரண்டைப் பிடுங்கி நாம் பேசும் இந்தத் தட்டில் போட்டார்கள். 'செப்பரேட் வேஸ்', 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' இரண்டையும் அடுத்த கேம்டன் தட்டில் 1956ஆம் ஆண்டின் 'ஓல்ட் ஷெப்' என்ற நாய்ப்பாட்டோடு சேர்த்துவிட்டார்கள். 'ஃபூல்', 'வேர் டூ ஐ கோ' இரண்டும் 1973இல் ஒரு கதம்ப ஆல்பத்துக்குப் போயின. 'ஃபார் த குட் டைம்ஸ்' ஸ்டுடியோப் பதிவு 1995 வரை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரே மனநிலையில் பிறந்த ஏழும் நாலு திசைக்குச் சிதறின. இந்தத் தொகுப்பை ரசிப்பவர்கள் அந்தச் சிதறலையும் சேர்த்துத்தான் ரசிக்கிறார்கள்.

தட்டுப்பித்தன்

நன்றி மதுரம். நான் தொடங்கியதைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

கருவட்டு

அவசரப்படாதீர்கள். மதுரம் சொல்லும் அந்தக் கற்பனை ஆல்பத்தை நானும் வரிசைப்படுத்திக் கேட்டிருக்கிறேன். ஏழில் ஆறு பிரிவுத்துயரப் பாட்டுகளோ மெதுவான பாட்டுகளோதான். வேகமாக ஓடுவது 'பர்னிங் லவ்' ஒன்றே. துயரமான ஆறுக்கு நடுவில் அதை எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. எல்விஸுக்கே அதைப் பாடுவதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஃபெல்டன் ஜார்விஸ்தான் வற்புறுத்தினார். மூன்று நாள் பாடிவிட்டு எழுந்து போனவரிடமிருந்து இன்னும் மூன்று பாட்டு யார் வாங்கியிருப்பார்கள்? இல்லாத ஆல்பத்தோடு இருக்கும் ஆல்பத்தை ஒப்பிட்டால் இருப்பது எப்போதும் தோற்கும்.

சுருதிபேதம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கோணம் விடுபட்டிருக்கிறது: வாங்கியவர்கள்.

கேம்டன் தட்டின் விலை முழு விலை எல்பியில் ஏறத்தாழ பாதி. பேரங்காடியிலும் மருந்துக்கடையிலும் தொங்கவிட்டு விற்பார்கள். 'பர்னிங் லவ்' 1972 அக்டோபரில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. (முதலிடத்தில் சக் பெர்ரி, அதுவும் 'மை டிங்-எ-லிங்' என்ற அந்தச் சில்லறைப் பாட்டோடு! ராக் அண்ட் ரோலின் இரண்டு மூத்தவர்கள் மறுபடி உச்சியில் சந்தித்த நேரம் பார்த்து இப்படி ஒரு வேடிக்கை.) வானொலியில் நாள் முழுவதும் ஒலிக்கும் பாட்டு பாதி விலைக்கு எல்பியாகக் கிடைத்தால் பதினைந்து வயதுப் பையன் எதை வாங்குவான்?

எண்களைப் பாருங்கள். அதே 1972இல் வந்த முழு விலை ஆல்பம் 'எல்விஸ் நவ்' ஆல்பப் பட்டியலில் 43ஆம் இடம். 'ஹி டச்டு மீ' கிராமி விருது வாங்கியது, ஆனால் 79. இந்த மலிவுத் தட்டு 22. மக்கள் கைவிட்டுத் தள்ளிய பொருளாக இது தெரியவில்லை.

தட்டுப்பித்தன்

சுருதிபேதம், நீங்கள் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். இதே வரிசையின் முதல் பாகம் அதே ஆண்டில் வந்தது. அதில் புதிய ஹிட் எதுவும் இல்லை. 87ஆம் இடத்தோடு நின்றது. இரண்டாம் பாகத்தில் 'பர்னிங் லவ்' சேர்ந்ததும் 22. அப்படியானால் மக்கள் வாங்கியது எதை? ஒரு பாட்டை. அந்தச் சிங்கிளைத் தனியாக வாங்கியிருந்தால் இன்னும் மலிவு, அதில் மறுபக்கமும் இருக்கிறது. இந்தத் தட்டில் உள்ள புதிய பாட்டு இரண்டும் அந்தச் சிங்கிளிலேயே இருந்தவைதானே?

முதல் பாகத்தில் 'கிட்டார் மேன்', 'பிக் பாஸ் மேன்' இரண்டையும் 'படங்களின் ஹிட்' என்று போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் படத்தில் இல்லை, பட ஆல்பத்தில் இடம் நிரப்ப வந்தவை.

சுருதிபேதம்

சிங்கிள் வாங்கலாம், உண்மை. ஆனால் கேம்டன் வரிசை முழுவதையும் குப்பை என்று ஒரே கூடையில் போடுவது நியாயம் இல்லை. 1970இல் வந்த 'ஆல்மோஸ்ட் இன் லவ்' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' முதன்முதலில் எல்பியில் இடம்பெற்றது அங்கேதான். 2002இல் மறுகலவையாகி பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு அது; 1968இல் சிங்கிளாக வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 'ரப்பர்நெக்கின்', 'யு.எஸ். மேல்' எல்லாம் அதே தட்டில்தான் ஒதுங்கின.

இந்த வரிசையின் தொடக்கமே விசித்திரமானது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பண உதவி செய்தது சிங்கர் தையல் இயந்திர நிறுவனம். அதற்காக அவர்கள் கடைகளில் மட்டும் விற்ற எல்வி‌ஸ் தட்டுதான் மறு ஆண்டு கேம்டனில் 'எல்விஸ் சிங்ஸ் ஃப்ளேமிங் ஸ்டார்' ஆனது. தையல் இயந்திரம் வாங்கப் போனவர்கள் அங்கே 'டைகர் மேன்' என்ற அசாத்தியமான நேரடிப் பதிவைக் கேட்டார்கள். முழு விலை ஆல்பங்கள் ஒதுக்கியதை மலிவுத் தட்டு காப்பாற்றியிருக்கிறது.

மதுரம்

'ஆல்மோஸ்ட் இன் லவ்' விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அங்கே வீடில்லாத பாட்டுகளுக்கு வீடு கிடைத்தது. 'பர்னிங் லவ்' அப்படியா? 1972இல் அவர் கையில் இருந்த மிகப் பெரிய வெற்றி அது. டென்னிஸ் லிண்டே எழுதி, ஆர்தர் அலெக்சாண்டர் முதலில் பதிவு செய்த பாட்டு. எல்விஸ் வாழ்நாளில் அமெரிக்க பாப் பட்டியலின் முதல் பத்தில் ஏறிய கடைசிப் பாட்டும் அதுவே. வேறு எந்தப் பாடகராக இருந்தாலும் அதை முன்னிறுத்தி ஒரு புதிய ஆல்பம் எழும்பியிருக்கும்.

ஏன் நடக்கவில்லை என்பதற்கு 1973 மார்ச் மாத ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதுவரை பதிவான எல்லாவற்றின் ராயல்டியையும் 54 லட்சம் டாலருக்கு ஆர்சிஏவிடம் ஒரேயடியாக விற்றார்கள். அதில் பாதி மேலாளர் கர்னல் டாம் பார்க்கருக்கு. பழைய ஒலிநாடாக்களை உடனடிப் பணமாக்கும் சரக்காக மட்டுமே பார்த்த மனம்தான் மலிவுத் தட்டுகளையும் உருவாக்கியது, அந்த விற்பனையையும் செய்தது. அந்த நாளுக்குப் பிறகு இந்தத் தட்டு எத்தனை விற்றாலும் எல்விஸுக்கோ அவர் மகளுக்கோ பாடகர் பங்கு கிடையாது. பார்க்கர் வாங்கிய பாதிப் பங்கு வரம்பு மீறியது என்று பின்னாளில் மெம்ஃபிஸ் நீதிமன்ற விசாரணையிலேயே கேள்வி எழுந்தது.

கருவட்டு

பார்க்கருக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டிவிட்டு எல்விஸை அப்பாவி ஆக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1972இல் அவருக்கு 37 வயது. ஸ்டுடியோவுக்குப் போகவே விருப்பமில்லாமல் இருந்தவர் அவரும்தான். ஜூனில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாடியதை எட்டே நாளில் ஆல்பமாக வெளியிட்டார்கள்; 11ஆம் இடம். நேரடிப் பதிவு சுலபமாக விற்கும்போது ஸ்டுடியோவில் உட்கார்ந்து மூன்று பாட்டு கூடுதலாகப் பாட யாருக்குப் பொறுமை?

பத்துப் பாட்டு ஏன் என்ற முதல் கேள்விக்கும் விடை எளிது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு ஒரு தட்டுக்கு இரண்டு சென்ட் எழுதியவர் பக்கத்துக்குப் போக வேண்டும். 1978 வரை அதுதான் விகிதம். பன்னிரண்டு பாட்டு போட்டால் தட்டுக்கு நாலு சென்ட் கூடுதல். பாதி விலைத் தட்டில் நாலு சென்ட் சிறிய தொகை இல்லை.

தட்டுப்பித்தன்

மெட்டுக்குக் காரணம் சில்லறை, எண்ணிக்கைக்குக் காரணம் சில்லறை, தலைப்புக்குக் காரணம் சில்லறை. கணக்குப்பிள்ளையின் கேள்வி என்று என்னை மடக்கிய கருவட்டு இப்போது அவரே கணக்கு எழுதுகிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கருவட்டு

கணக்கையும் எழுதுவேன், பாட்டையும் கேட்பேன். இரண்டுக்கும் நேரம் இருக்கிறது.

சுருதிபேதம்

ஒரு யோசனை. புதிதாக வருபவர்களுக்கு இந்தத் தட்டைப் பரிந்துரைக்க வேண்டாம்; மார்ச் 1972 பாட்டுகள் எல்லாம் எழுபதுகளின் ஸ்டுடியோப் பதிவுகளைத் தொகுத்த 1995 பெட்டியில் இருக்கின்றன. ஏற்கெனவே எல்விஸைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லலாம்.

மதுரம்

புதியவர்கள் அந்தப் பெட்டியில் தொடங்கட்டும். நான் இந்தத் தட்டின் முதல் பாட்டை மட்டும் போடுவேன். ரான் டட்டின் டிரம்ஸ் அந்தப் பழைய வினைலில் அடிப்பது சிடியில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத் தட்டை வைத்திருக்கிறேன், பார்க்கரை மன்னித்ததாக அர்த்தம் இல்லை.

தட்டுப்பித்தன்

நானும் ஒரு சமாதானத்துக்கு வருகிறேன். 'சாந்தா லூசியா'வை மட்டும் நீக்கிவிடுங்கள், மீதியைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கருவட்டு

25 நிமிடம்கூட இல்லை என்று புகார் சொன்னவர் நீங்கள்தான். அதையும் நீக்கினால் இன்னும் ஒரு நிமிடம் குறையும், பரவாயில்லையா?