புதுப்பிப்பு: குரோன் நோயும் பையனின் உயரமும்

பையனுக்கு 12 வயது, குரோன் நோய் (குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சி), சட்டை அளவு மாறவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து வளர்ச்சியைத் தடுக்கலாம் என்பதால் டாக்டர் முதலில் திரவ உணவை மட்டும் கொடுக்கச் சொன்னார். 6 முதல் 8 வாரம், இட்லி தோசை எதுவும் கிடையாது, எல்லாச் சத்தும் கலந்த பானம்தான், பல குழந்தைகளுக்குக் குடலின் அழற்சியை அதுவே அடக்கிவிடுகிறது. வெனிலா வாசனை கண்டாலே முகத்தைச் சுளித்தான், ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே இறங்கியது. (வீட்டில் சாம்பார் தாளிக்கும் நேரம்தான் கொடுமை.)

நன்றாக ஊட்டுங்கள் என்று பலர் சொன்னீர்கள். சரி, ஆனால் சாப்பாடு குறைவது பாதிக் காரணம்தான். அழற்சி இருக்கும்வரை வளர்ச்சி ஹார்மோன் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காது, நெய்யும் முட்டையும் மட்டும் போதாது.

கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) அவன் வயதைவிடப் பிந்தியிருக்கிறது, அதாவது வளர இன்னும் அவகாசம் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைவு, மருந்து ஓடுகிறது. எடை ஏறத் தொடங்கிவிட்டது, உயரம் மெதுவாகத்தான் வரும். அடுத்து பயாலஜிக் ஊசி (அழற்சியைத் தூண்டும் பொருளைத் தடுக்கும் மருந்து) பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைக்குப் போட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.